டிக்கியில் ஒரு தவில்காரர்

கம்பெனியிலிருந்து வந்தபடியே ஒரு பொருள் மாமி வீட்டில் முழுசாக ஒரு வாரம் இருந்து நான் பார்த்ததில்லை. மிக்ஸியின் ரப்பர் கால்களைப் பிடுங்கிவிட்டு சைக்கிள் பிரேக் கட்டைகளை வைத்திருந்தார். தையல் மெஷினுக்கு ஸ்கூட்டர் விளக்கு. குடையின் உள்பக்கம் சாவிக்கென்று ஒரு பை தைத்திருந்தார். மழையில் விரித்தால் சாவிக்கொத்து நெற்றியில் இடிக்கும், அதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. வாங்கிய செருப்புக்கு அன்றைக்கே டயர் ரப்பரில் இன்னொரு அடி. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் அவர் வழக்கத்தைவிட அரை அங்குலம் உயரமாகவும் அதற்கேற்ற கம்பீரத்தோடும் இருப்பார்.

"கம்பெனிக்காரன் ஊருக்காகப் பண்றான்டி. நமக்காகப் பண்ணலையே. மிச்சத்தை நாமதானே பண்ணிக்கணும்" என்பார்.

மாமா ஈஸிசேரில் இருந்தபடி பேப்பருக்குப் பின்னாலிருந்து சொல்வார்: "எனக்குக் கல்யாணத்தன்னிக்கு மீசை இருந்தது, கேட்டியோ."

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீடு அவர்களுடையது. நான் திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்து, கிழக்கேகோட்டைக்கு அருகே ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். மாமி ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் செக்ஷன் ஆபீஸர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, இரண்டு மூக்குத்தி, கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர். ஸ்க்ரூடிரைவரை ஆபீஸுக்கும் கொண்டுபோவார் என்று மாமா சொல்வார். அங்கே எதை மாற்றினார் என்பது தெரியவில்லை. ஆனால் அந்த ஆபீஸ் மின்விசிறிகள் மட்டும் நன்றாகச் சுற்றும் என்று கேள்வி.

நானோ எதற்கும் பயப்படுகிறவள். இன்றும் அப்படித்தான். என் மகள் மீனு இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். ஒருமுறை அடித்து போனை எடுக்கவில்லை என்றால் போதும். "அம்மா, நான் குளிச்சிண்டிருந்தேன்" என்று அவள் திரும்பக் கூப்பிடுவதற்குள் ஒரு ஆஸ்பத்திரி முழுவதையும் மனதுக்குள் சுற்றி வந்திருப்பேன். இந்தப் பயத்துக்கு ஒரு தேதி உண்டு, ஒரு புகை உண்டு. அதற்கு வருகிறேன். முதலில் தவில்காரர்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. மாமா ரிடயரான கையோடு ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கினார்கள். கம்பெனியே பொருத்திக் கொடுத்த கேசட் பிளேயர், நாலு கதவிலும் சின்னச் சின்ன ஸ்பீக்கர். மாமிக்குத்தான் ஓட்டத் தெரியும். முதல் நாள் என்னையும் மீனுவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு சங்குமுகம் கடற்கரைக்குப் போனார். வழியில் அவருடைய தம்பி கல்யாணத்தில் பதிவு செய்த நாயனக் கேசட்டைப் போட்டார். கேட்டுக்கொண்டே வந்தவர் பாதி வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"நாயனக்காரர் வந்திருக்கார். ஒத்துக்காரன் வந்திருக்கான். ஜால்ராக்காரன் நன்னா வந்திருக்கான். தவில்காரர் எங்கே?"

"இருக்கே மாமி, கேக்கறதே" என்றேன்.

"வலது கை மட்டும் வந்திருக்கு. இடது பக்கம் கம்பால அடிப்பாரே, அந்த அடியைக் காணும். பாதி மனுஷனைத்தான் கூட்டிண்டு வந்திருக்கான் கம்பெனிக்காரன்."

மாமா முன் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டார். என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

தம்பானூரில் லாட்ஜுகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் கார் சாமான் கடை. துணைக்கு என்னையும் அழைத்துப்போனார், இயற்பியல் டீச்சர் என்பதால். கடைக்காரர் தடித்த மனிதர். மாமியின் மூக்குத்தியையும் சுவரோரம் அடுக்கியிருந்த, தாழ்ந்த சத்தத்துக்கான ஊஃபர் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாமிக்கு இது எந்தினாணு? இது பிள்ளேரு வைக்குந்ந சாதனமாணு." பையன்கள் வைக்கிற சாமான் மாமிக்கு எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

"பிள்ளேருக்கு என்ன கேக்கத் தெரியும்? நீ பெரிசா ஒண்ணு எடு" என்றார் மாமி.

கடைக்காரர் முதலில் கம்பெனி பிளேயரைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு புதிது போடலாம் என்றார். மாமி சம்மதிக்கவில்லை. முன்பக்கம் ஒரு திருகாணியைக் கூடத் தொடக்கூடாது, முகம் கம்பெனி முகமாகவே இருக்கட்டும், வயிற்றை மட்டும் நாம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆகவே பின்கதவு ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலிருந்தே ஒரு கிளை எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்து, பேட்டரியிலிருந்து தடித்த சிவப்பு ஒயரைத் தரைவிரிப்புக்கு அடியில் இழுத்து, டிக்கியை அடைத்துக்கொண்டு ஒரு மரப்பெட்டி வைத்தார்கள். பெட்டியில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஊஃபர். "ஃபியூஸ் போட்டாச்சா?" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் கடைக்காரர் ஃபியூஸைக் கழற்றி என் கையிலேயே கொடுத்து, பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொன்னார்.

புது வண்டியைப் பழவங்காடியில் பிள்ளையார் முன் நிறுத்திப் பூஜை போடாமல் எங்கள் ஊரில் யாரும் ஓட்டமாட்டார்கள். காருக்கு ஏற்கெனவே பூஜை ஆகியிருந்தது. "பெட்டி புதுசு தானே" என்றார் மாமி. மறுபடியும் போனோம். கோயில் பக்கத்துப் பூக்காரியிடம் மாலை வாங்கி டிக்கிக் கதவுக்குப் போட்டார். சக்கரங்களுக்கு நாலு எலுமிச்சம்பழம், பெட்டிக்கு ஐந்தாவதாக ஒன்று. பூஜை செய்ய வந்தவர் கார் முகப்பில் சந்தனத்தைத் தொட்டு வைத்துவிட்டு நகரப்போனார்.

"இங்கேயும் வையுங்கோ" என்று ஊஃபரைக் காட்டினார் மாமி.

அவர் தயங்கி ஒரு சின்னப் பொட்டு வைத்தார்.

"இவ்வளவு தானா? நெறைய வையுங்கோ. தாராளமா வையுங்கோ."

சந்தனம் வழிந்தது. அதன் மேல் குங்குமம், அதன் மேல் தீர்த்தம். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டோம், பூக்காரி உட்பட. அந்த ஊஃபரின் கூம்பு அழுத்தின காகிதம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கற்பூரம் எரியும்போது எப்படிச் சொல்வது? வீடு வந்து சேர்வதற்குள் கூம்பு ஊறிப்போய், தவில் அடிக்கும் இடத்தில் யாரோ ஈரத் துணியை உதறுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

மாமி சிறிது நேரம் உற்றுக் கேட்டார். "சரி. முதல் ஊஃபரைச் சாமி எடுத்துண்டுட்டார். அவருக்கும் வேணுமோ இல்லையோ."

மறுநாள் தம்பானூர் கடையில் அவர் கேட்ட முதல் கேள்வி, "இது குங்குமம் தாங்குமா?" கடைக்காரர் இத்தனை வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை போலிருக்கிறது. உள்ளே போய் யோசித்துவிட்டு, பிளாஸ்டிக் கூம்பு போட்ட ஒன்றை எடுத்து வந்தார்.

அதோடு தவில்காரர் முழுசாக வந்து சேர்ந்தார்.

அந்தப் பரிசோதனையை எப்படி விவரிப்பேன்? பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பலகையில் பூஜை எலுமிச்சம்பழத்தை வைப்பார் மாமி. கேசட்டைப் போட்டு ஒலியை ஏற்றுவார். பழம் முதலில் நடுங்கும். பிறகு தன் இடத்திலேயே சுற்றும். தனி ஆவர்த்தனம் வரும்போது பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உருண்டு ஓடும். ஓடினால்தான் சரி. ஓடாவிட்டால் காரில் எங்கோ ஒரு தகடு சத்தத்தைத் தின்கிறது என்று அர்த்தம். உடனே சைக்கிள் டியூப் துண்டுகளும் பஞ்சும் கத்தரிக்கோலும் வெளியே வரும். நான் கதவில் காதை வைத்துக்கொண்டு, "இங்கே மாமி, இல்லே, கீழே, இன்னும் கீழே" என்று சொல்ல, அவர் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் டியூப்பைச் செருகுவார். என் மகள் பின் இருக்கையில் முட்டி போட்டு எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்து, ஓடுகிற பழத்தைப் பிடித்துப் பிடித்து விடுவாள். அவளுக்கு ஐந்து வயது. அவள் காதில் நான் பஞ்சு வைப்பேன். ஒவ்வொரு தடவையும் மாமி அதை எடுத்து நம்பர் பிளேட்டுக்குப் பயன்படுத்திக்கொள்வார்.

சாயங்காலத்தில் தவில் அடிக்கு ஏற்றபடி ஹெட்லைட் மங்கி மங்கி எரியும். கோட்டை வாசல் ஆட்டோக்காரர்கள் கத்துவார்கள்: "மாமீ, வண்டி கண்ணடிக்குந்நு." "உன்னைப் பாத்து இல்லேடா" என்று மாமி போய்க்கொண்டே இருப்பார்.

தெருவில் எல்லாருக்கும் புகார். மூன்றாம் வீட்டு வாத்தியார், ஜபத்தில் உட்கார்ந்தால் தொடை தானாக ஆடுகிறது என்றார். ஒருத்தி குழந்தையைத் தூங்கப்போட முடியவில்லை என்றாள். என் அடுக்களையில் எவர்சில்வர் தட்டுகள், மாமியின் கார் தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே ஸ்டாண்டில் கிணுகிணுக்க ஆரம்பிக்கும். மீனு ஓடிப்போய் இரும்பு கேட்டில் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். "டும்டும் மாமி வரா" என்பாள். காதுக்கு எதுவும் கேட்டிருக்காது. கேட் சொல்லியிருக்கும்.

அடுத்த மாசி மாதம் பொங்காலை வந்தது. ஆற்றுகாலம்மைக்குப் பெண்கள் தெருத்தெருவாக அடுப்பு வைத்துப் பொங்கல் இடுகிற நாள். நம் தெருவிலேயே, வீட்டு வாசலிலேயே அடுப்பு வைத்திருக்கலாம். மாமிக்கு அது பத்தாது. பழவங்காடிப் பக்கம் பெரிய ரோட்டில் இடம் பிடித்துவிட்டார். விடிவதற்கு முன்பே காரைக் கொண்டுபோய், மாமாவுக்குத் தெரிந்த ஒரு பாத்திரக் கடையின் பின்முற்றத்தில் நிறுத்தினோம். டிக்கியில் தவில்காரர் இருந்ததால் மண்பானைகள் பின் இருக்கையில் எங்கள் மடியில் வந்தன. அதே பூக்காரியிடம் பூ வாங்கினார் மாமி. அவளும் தன் பானையோடு தயாராக இருந்தாள். "எங்கே மாமி அடுப்பு?" என்றாள். "பாத்திரக் கடை முன்னாடி. வந்து பாரு, அடுப்புக்கு ஒரு சமாசாரம் பண்ணியிருக்கேன்." மூன்று செங்கல்லைக் கம்பெனி அடுப்பாக விட்டுவைக்காமல் தகரத்தில் ஒரு வளைவு செய்து காற்றை உள்ளே திருப்பியிருந்தார் மாமி. அது புகையை அடுத்த அடுப்புக்காரிக்கு அனுப்பியது. அடுத்த அடுப்பு என்னுடையது.

கோயில் அடுப்பில் தீ மூட்டிய செய்தி வந்ததும் ரோடு முழுக்க ஒரே சமயத்தில் பற்றவைத்தார்கள். அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். கண்ணுக்கு எட்டிய தூரம் பெண்கள், பானைகள், தென்னம்பாளையின் புகை. ஒவ்வொரு கம்பத்திலும் குழாய் ஸ்பீக்கர், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. ஒரு வழக்கம் உண்டு: அடுப்பு பற்றவைத்துவிட்டால், கோயில் தீர்த்தம் தெளிக்க ஆள் வரும்வரை பானையை விட்டு யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

நான் குனிந்து ஊதினேன். கண் எரிந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு திறந்தேன். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த கை இல்லை.

அடுத்த சில நிமிஷங்கள் எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. இந்தப் பக்கம் ஓடினேன், அந்தப் பக்கம் ஓடினேன். எல்லாப் பெண்களும் குனிந்திருந்தார்கள், எல்லாரும் சிவப்பும் மஞ்சளுமாக உடுத்தியிருந்தார்கள், என் குழந்தை உட்பட. நாலு பக்கமும் நெருப்பு, ஐந்து வயதுக் குழந்தை. மைக் பந்தலில் போய்ச் சொன்னேன். அறிவித்தார்கள். அறிவித்ததே எனக்குக் கேட்கவில்லை. பத்துக் குழாய்கள் ஒன்றன் மேல் ஒன்று கத்தின. திரும்பி மாமியிடம் வந்தேன். கையை விரித்துக் காட்டினேன்.

மாமி எழுந்தார். பானை கொதித்துக்கொண்டிருந்தது, எழுந்துவிட்டார். பக்கத்திலிருந்த ஒரு கிழவி, "அடுப்பை விட்டுப் போகல்லே மோளே" என்று போகவிடாமல் தடுத்தாள்.

"நீங்க பாத்துக்கோங்கோ" என்று கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு முற்றத்துக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். மாமி காரின் நாலு கதவையும் திறந்தார். டிக்கியைத் திறந்தார்.

"மைக்குக்காரா எல்லாம் மேலே கத்தறா. மேலே எடமில்லே. நாம கீழே போலாம்."

எனக்குப் புரிந்தது. புரிந்ததும், அந்த நிலையிலும், வகுப்பில் நடத்தின பாடம் வாயில் வந்தது. "மாமி, இவ்வளவு தாழ்ந்த சத்தத்துக்குத் திசை தெரியாது. எங்கேயிருந்து வரதுன்னு கொழந்தைக்குக் கண்டுபிடிக்க முடியாது."

"திசையை யாருடி கேட்டா? நாம இருக்கோம்னு அவளுக்குத் தெரியட்டும். போரும்."

இன்ஜினைக் கிளப்பி, தம்பி கல்யாணத்துக் கேசட்டில் தனி ஆவர்த்தனம் வரும் இடத்தைத் தேடி வைத்து, ஒலியைத் திருகினார், குமிழ் இதற்கு மேல் திரும்பாது என்கிற இடம்வரை. தரை அதிர்ந்தது. பாத்திரக் கடையின் ஷட்டர் உறுமியது. உள்ளே அடுக்கியிருந்த அண்டாவும் குடமும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. முற்றத்து மாமரத்திலிருந்து பிஞ்சு உதிர்ந்தது. எலுமிச்சம்பழம் பலகையில் இருந்து குதித்து, பின் இருக்கையில் விழுந்து, திறந்த கதவு வழியாக வெளியே உருண்டு போனது. மாமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் அந்த உருண்டுபோன பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோட்டின் மறுகோடியில் நடந்ததைப் பிற்பாடுதான் பூக்காரி சொன்னாள். மீனு ஒரு மூடின கடையின் முன்னால் நின்று விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாளாம். பெயர் கேட்டாலும் சொல்லவில்லை, வீடு கேட்டாலும் சொல்லவில்லை. புகையில் பூக்காரிக்கும் முகம் அடையாளம் தெரியவில்லை. திடீரென்று அழுகையை நிறுத்திவிட்டு, அந்தக் கடை ஷட்டரில் உள்ளங்கையை வைத்தாளாம். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாளாம். பிறகு சிரித்தாளாம்.

"டும்டும் மாமி வந்துட்டா" என்றாளாம்.

"ஏது மாமி?"

"ஸ்பீக்கர்ல குங்குமம் வெச்ச மாமி."

திருவனந்தபுரத்தில் அப்படி ஒரே ஒரு மாமிதான். அடுப்பு எங்கே இருக்கிறது என்பதும் பூக்காரிக்குக் காலையிலேயே தெரியும். ஆனால் அவளும் பானையை விட்டு எழ முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, குழந்தையை அடுத்த அடுப்புக்காரியிடம் கொடுத்தாள். "பாத்திரக்கடை. ஆ டும்டும் மாமீட வண்டி." அவள் அடுத்தவளிடம். அவள் அதற்கும் அடுத்தவளிடம். ஒருத்தியும் எழவில்லை, ஒருத்தியும் கையை விடவில்லை. ஒரு கை பிடித்த பிறகுதான் முந்தின கை விட்டது. அத்தனை நெருப்புக்கும் நடுவே, அடுப்புகளின் பின்பக்கமாக, என் மகள் கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருந்தாள். போகிற வழியெல்லாம் ஒவ்வொருத்தியும் அவள் வாயில் ஏதாவது போட்டாள்.

முற்றத்து வாசலில் அவள் வந்து நின்றபோது கன்னமெல்லாம் வெல்லம், ஒரு கையில் பாதி வாழைப்பழம், நெற்றியில் யாரோ இட்ட குங்குமம். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"ஏம்மா அழறே?" என்றாள். "மாமிதான் பாட்டுப் போட்டாளே."

அந்தச் சமயத்தில் டிக்கியிலிருந்து ஒரு கருகல் வாசனை வந்தது. ஊருக்கே புகையாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. தவில் நின்றது. நாயனமும் ஜால்ராவும் மட்டும் கம்பெனி ஸ்பீக்கரில் ஒல்லியாகத் தொடர்ந்தன. மாமி குனிந்து ஊஃபரை முகர்ந்து பார்த்தார். "இரண்டாவதையும் சாமி எடுத்துண்டுட்டார்" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பானை எந்தப் பக்கம் பொங்கித்துன்னு கேளு" என்றார். கிழக்கே பொங்கினால் நல்லது என்பார்கள்.

கிழவி சொன்னாள்: "எல்லா பக்கமும் பொங்கி. அடுப்பு அணைஞ்சே போயி."

"அதுவும் நல்லதுதான்" என்றார் மாமி.

அன்றைக்குப் பிறகு சில நாள் தெரு அமைதியாக இருந்தது. மூன்றாம் வீட்டு வாத்தியார் வாசலில் நின்று, "என்ன மாமி, வண்டிக்கு உடம்பு சரியில்லையா, சத்தத்தையே காணோமே?" என்று கேட்டார். குழந்தை தூங்கவில்லை என்று குறைப்பட்டவளும் கேட்டாள். எனக்கோ தூக்கமே வரவில்லை. அடுக்களையில் அசையாமல் இருக்கும் தட்டுகளை நானே விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாவது ஊஃபர் வாங்க மாமியைத் தம்பானூருக்கு நானே கூப்பிட்டேன். கடைக்காரர், "ஃபியூஸ் காட்டட்டே டீச்சரே?" என்றார். வேண்டாம் என்றேன். பழவங்காடியில் பூக்காரி மாலைக்குக் காசு வாங்கவில்லை. ஐந்தாவது எலுமிச்சம்பழத்தை நான் பொறுக்கினேன், நல்ல உருண்டையாகப் பார்த்து.

சில வருஷங்களில் மாமியும் மாமாவும் வீட்டை விற்றுவிட்டு வடக்கே மகளிடம் போய்விட்டார்கள். கார் என்ன ஆயிற்றோ தெரியாது. இப்போதும் சிக்னலில் எந்தப் பையனாவது கண்ணாடி அதிர அதிர வந்து நின்றால், பக்கத்திலிருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். நான் ஆட்டோவின் கம்பியில் உள்ளங்கையை வைத்துக்கொள்வேன். மீனு போனை எடுக்காத நாட்களில் அது எவ்வளவு உதவுகிறது என்று அந்தப் பையன்களுக்குத் தெரியாது.

அந்த மூன்றாவது ஊஃபரின் முதல் சவாரியில் நான் மீனுவுக்குப் பக்கத்தில், அவளைப் போலவே முட்டி போட்டுப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பஞ்சு கொண்டு வரவில்லை. கேசட் ஆரம்பித்தது. பழம் நடுங்கியது, சுற்றியது, பலகையின் பாதி தூரம் வந்து நின்றது.

மாமி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"போருமாடி?"

"இன்னும் கொஞ்சம், மாமி" என்றேன்.